கலத்துக்குள் நடக்கும் நாட்டாமிகள்

கடந்த வருடம் உயர்தர உயிரியல் வகுப்பில் ஒரு சிறிய வீடியோ காட்டினேன். நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். வட்ஸ்அப்பில்கூட வலம் வந்தது. நீளமான குழாய் ஒன்றின் மேல் இரண்டு கால் கொண்ட ஏதோ ஒன்று, தன்னைவிடப் பெரிய உருண்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு அடிமேல் அடிவைத்து நடந்து போகும். பார்த்தால் உயிருள்ள பிராணி மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது ஒரு புரதம். பெயர் கைனசின். நீங்கள் இதை வாசிக்கும் இந்த நேரத்திலும் உங்கள் உடம்பின் கிட்டத்தட்ட எல்லாக் கலங்களுக்குள்ளும் அது நடந்துகொண்டிருக்கிறது.

வீடியோ முடிந்ததும் பின்வரிசையில் இருந்த பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். "ரீச்சர், அதுக்குக் கண்ணும் இல்ல, மூளையும் இல்ல. எந்தப் பக்கம் நடக்கிறதெண்டு அதுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?"

வெள்ளவத்தையின் அந்த மேல்மாடி அறையில் அப்போது மணி ஏழரை. பிள்ளைகளுக்கு பஸ் பிடிக்கிற அவசரம். "பாதையிலேயே திசை இருக்கு" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிட்டேன். பதில் பிழையில்லை, ஆனால் அந்தக் கேள்விக்கு அது போதாது. காலி வீதியால் வீட்டுக்கு நடந்து வரும்போதெல்லாம் அது மனதுக்குள் கிடந்து உறுத்தியது. அவளுக்கு அன்றே ஆறுதலாக இருத்திச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடியோவைப் பற்றி ஒன்று. அழகான வீடியோதான், பிள்ளைகளின் கண் விரிய வைத்ததே அதுதான். ஆனால் அதில் ஒரு பொய் இருக்கிறது. கைனசினைச் சுற்றி ஒன்றுமே இல்லாத வெட்டவெளி போலவும், அது அசைக்க ஆளில்லாமல் சாவகாசமாக நடப்பது போலவும் காட்டியிருப்பார்கள். கலத்துக்குள் அப்படி ஓர் அமைதி கிடையாது. அந்த அமைதியை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான், இந்தப் புரதம் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

அளவை ஒருமுறை மனதில் இருத்திக்கொள்வோம். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். கைனசினின் மொத்த நீளம் சுமார் 80 நனோமீற்றர். அப்படியென்றால் ஒரு முடியின் குறுக்கே ஆயிரம் கைனசின்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்க வைக்கலாம். இவ்வளவு சிறியதாகப் போனால் தண்ணீர் நமக்குத் தெரிந்த தண்ணீராக இருக்காது. நமக்கு ஒரு குவளைத் தண்ணீர் அசையாமல் இருப்பதாகத் தெரியும். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு மூலக்கூறும் ஓயாமல் துள்ளிக்கொண்டும் மோதிக்கொண்டும் இருக்கிறது. 1827இல் றொபேட் பிறவுண் என்ற தாவரவியலாளர், மகரந்த மணிகளுக்குள் இருந்து வந்த துணிக்கைகள் தண்ணீரில் தாமாகவே நடுங்குவதை நுணுக்குக்காட்டியில் கண்டார். அது தண்ணீர் மூலக்கூறுகளின் இடிபாடு என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குப்போட்டுக் காட்டினார். கைனசின் நிற்பது அந்த இடிபாட்டின் நட்ட நடுவில். ஒரு வினாடிக்குள் எண்ணிமாளாத தடவை எல்லாப் பக்கமிருந்தும் அடி விழுகிறது.

தீபாவளிக்கு முதல் வாரம் புறக்கோட்டை பிரதான வீதிக்குள் போனவர்களுக்கு இது கொஞ்சம் விளங்கும். நீங்கள் நடப்பதில்லை, சனம்தான் உங்களை இங்கேயும் அங்கேயும் தள்ளும். ஆனால் அதே சனத்துக்குள்ளால், முதுகில் மூட்டையோடு ஒரு நாட்டாமி போவார். நான்காம் குறுக்குத் தெருவில் லொறியிலிருந்து இறங்கிய வெங்காய மூட்டை அவர் முதுகில் ஏறியதும், அது போய்ச் சேர வேண்டிய கடையில் போய்ச் சேரும். சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் நின்று அவர்களைப் பார்த்த ஞாபகம் எனக்கு இன்னும் இருக்கிறது. எனக்குக் கைனசின் என்றதும் நினைவில் வருவது அவர்கள்தான்.

இன்னொன்று, அந்த உலகத்தில் வேகமெடுத்து வழுக்கிப் போவது என்ற பேச்சே இல்லை. ஓட்டோக்காரர் இறக்கத்தில் என்ஜினை நிறுத்தினாலும் வண்டி கொஞ்ச தூரம் தானாக உருளும். நீந்திக்கொண்டிருக்கும் ஒரு பக்றீரியா நீந்துவதை நிறுத்தினால் எவ்வளவு தூரம் வழுக்கும் தெரியுமா? ஓர் அணுவின் அகலம்கூட இல்லை. எட்வேட் பேர்செல் என்ற பௌதிகவியலாளர் 1977இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் இந்தக் கணக்கு இருக்கிறது. அதைவிடச் சிறிய கைனசினுக்குச் சொல்லவே வேண்டாம். நமக்குத் தண்ணீராகத் தெரிவது அதற்குப் பாணியைவிடத் தடித்த பாகு. உந்திவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு அடியையும் புதிதாக எடுத்து வைக்க வேண்டும்.

சரி, இந்தப் பாடெல்லாம் எதற்கு? மூலக்கூறுகள்தான் தாமாக அலைந்து பரவுகின்றனவே, சாமான்களும் அப்படியே மிதந்து போய்ச் சேர்ந்தால் என்ன?

சின்னத் தூரமென்றால் போய்ச் சேரும். பரவுதலின் கணக்கு கொஞ்சம் கொடுமையானது. தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும், தூரம் 1,000 மடங்கானால் நேரம் பத்து இலட்சம் மடங்கு. கலத்துக்குள் சாமான் ஏற்றிப்போகும் சின்னப் பை ஒன்று தண்ணீரில் தானாக அலைந்து ஒரு மைக்ரோமீற்றர், அதாவது ஆயிரம் நனோமீற்றர், போக ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடி எடுக்கும் என்று வையுங்கள். அதே பை ஒரு மில்லிமீற்றர் போக ஒரு நாளுக்கு மேலாகும். ஒரு மீற்றர் போக 3,000 ஆண்டுகளுக்கு மேலாகும். ஒரு மீற்றர் என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். உங்கள் முள்ளந்தண்டின் அடிப்பகுதியிலிருந்து கால் பெருவிரல் வரை போகும் நரம்புக் கலம் ஒன்றின் நீளம் ஏறத்தாழ அவ்வளவு. அது ஒரே கலம். அதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை முள்ளந்தண்டுப் பக்கம் இருக்கும் கல உடலில்தான் தயாராகின்றன, தேவைப்படுவதோ கால்விரலில். தானாக மிதந்து வரட்டும் என்று விட்டால், அநுராதபுரத்தில் தலைநகர் அமைந்த காலத்தில் புறப்பட்ட பை இன்னும் பெருவிரலுக்கு வந்து சேர்ந்திருக்காது. உண்மையில் நரம்புக் கலத்துக்குள் நடக்கும் வேகமான போக்குவரத்து ஒரு நாளில் 200 முதல் 400 மில்லிமீற்றர் வரை போகிறது. மூன்று, நான்கு, ஐந்து நாளில் சாமான் பெருவிரலுக்கு வந்துவிடும். தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் இருப்பதால்தான் இது முடிகிறது.

நடக்க ஒரு பாதை வேண்டும். கைனசின் நடக்கும் பாதைக்கு நமது பாடப்புத்தகத்தில் நுண்புன்குழாய் என்று பெயர். 25 நனோமீற்றர் குறுக்களவுள்ள பொள்ளல் குழாய். டியூபியூலின் என்ற புரதக் கற்களால் கட்டப்பட்டது. ஒவ்வொரு கல்லும் உண்மையில் இரண்டு துண்டு, அல்பா ஒன்று, பீற்றா ஒன்று. இரண்டும் சேர்ந்தால் நீளம் 8 நனோமீற்றர். இங்கேதான் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இருக்கிறது. கற்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தே அடுக்கப்படுகின்றன. அல்பா, பீற்றா, அல்பா, பீற்றா என்று. ஒன்றுகூடத் தலைகீழாக வராது. அதனால் குழாயின் இரண்டு முனைகளும் ஒன்றுபோல் இல்லை. ஒன்றைச் சக (+) முனை என்றும் மற்றதைச் சய (−) முனை என்றும் சொல்கிறார்கள். பெரும்பாலான கலங்களில் சய முனை கலத்தின் நடுப்பக்கமும் சக முனை விளிம்புப் பக்கமும் இருக்கும். வெல்வெட் புடவையைத் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் வழுவழுப்பும் எதிர்ப்பக்கம் சொரசொரப்பும் கைக்குத் தெரியுமல்லவா, அதுபோலக் கண் இல்லாத காலுக்கும் குழாயின் திசை தெரியும். கைனசினின் பாதம் குழாயின்மேல் ஒரே ஒரு விதமாகத்தான் பொருந்தும். திருப்பி வைத்தால் பொருந்தாது.

மீதிப் பாதி, கால் எப்படித் தூக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது.

ஏ.ரி.பி. என்ற மூலக்கூறைக் கலத்தின் எரிபொருள் என்று படித்திருப்பீர்கள். அந்தச் சொல்லில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. எரிபொருள் என்றதும் பெற்றோல் போல வெடித்து, சூடாகி, தள்ளுவதாக மனம் நினைத்துக்கொள்ளும். இங்கே எதுவும் எரிவதில்லை. நனோமீற்றர் அளவில் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் என்று வைத்திருக்கவே முடியாது, கண் மூடித் திறக்குமுன் பரவிச் சமமாகிவிடும். ஏ.ரி.பி. செய்வது வேறு. அது புரதத்தின் ஒரு குழிக்குள் வந்து பொருந்தும்போது புரதத்தின் வடிவம் மாறுகிறது. பிறகு அது உடைந்து துண்டுகள் வெளியேறும்போது வடிவம் இன்னொரு முறை மாறுகிறது. அவ்வளவுதான். பூட்டுக்குள் சாவி போனதும் உள்ளே நெம்பு நகர்வது மாதிரி. முழு இயக்கமும் இந்த வடிவ மாற்றத்திலிருந்துதான் பிறக்கிறது.

கைனசினுக்கு இரண்டு பாதங்கள். உண்மையில் விஞ்ஞானிகள் அவற்றைத் தலைகள் என்பார்கள், நடப்பதைப் பேசும்போது பாதம் என்பதே எனக்கு இலகு. முன்பாதம் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு, குழி வெறுமையாக நிற்கிறது. ஓர் ஏ.ரி.பி. அதற்குள் வந்து விழுகிறது. உடனே பாதத்தின் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த, ஏறத்தாழ 15 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் பட்டி ஒன்று, முன்பக்கம் பார்த்துப் பாதத்தோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. அந்தப் பட்டியின் மறுமுனை பின்பாதத்தோடு தொடுக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஏற்கெனவே பிடியை விட்டுவிட்ட பின்பாதம் முன்பக்கமாக இழுபடுகிறது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இழுபட்ட பாதம் நேரே போய் அடுத்த கல்லில் இறங்குவதில்லை. பட்டி அதை முன்பக்கம் கொண்டுபோய் விடுகிறது, அவ்வளவே. அதன் பிறகு பாதம் அந்த மூலக்கூறுப் புயலில் காற்றிலகப்பட்ட பட்டம் போல அலைக்கழிகிறது. அலைந்து அலைந்து, அடுத்த கல்லில் தற்செயலாகப் பொருத்தமாக முட்டும்போது கப்பென்று பிடித்துக்கொள்கிறது. பின்னால் இருக்கும் கல்லைப் பிடிக்க முடியாது, பட்டி அந்தப் பக்கம் எட்டவிடாது. ஆக, கைனசின் புயலோடு மல்லுக்கட்டுவதில்லை. புயலின் அடிகளில் தனக்குச் சாதகமானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துவிடுகிறது. சனம் தள்ளும்போது, தான் போக வேண்டிய பக்கம் தள்ளினால் மட்டும் காலை எடுத்து வைத்து, மற்றப் பக்கம் தள்ளினால் ஊன்றி நிற்கும் நாட்டாமியைப் போல. எந்தத் தள்ளலை ஏற்பது என்று தீர்மானிக்கத்தான் ஏ.ரி.பி. செலவாகிறது. ஒரு ஏ.ரி.பி. உடைவதில் கிடைக்கும் ஆற்றல், புயலின் சராசரி அடியைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. அதனால்தான் அந்தத் தீர்மானத்தைப் புயலால் இலகுவில் மாற்ற முடிவதில்லை.

இதற்கிடையில் இப்போது பின்னால் நிற்கும் பாதத்தில் ஏ.ரி.பி. உடைந்து, பொசுபேற்றுத் துண்டு வெளியேறி, பிடி தளர்கிறது. அந்தப் பாதம் விட்டதும் அடுத்த அடி. ஒரு அடிக்கு ஒரு ஏ.ரி.பி. தூக்கிய பாதம் 16 நனோமீற்றர் தாண்டும், சுமை 8 நனோமீற்றர் நகரும். ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 100 அடிகள். பின்பக்கமாக 6 அல்லது 7 பிக்கோ நியூட்டன் விசையில் இழுத்துப் பிடித்தால்தான் நின்றுபோகும். ஒரு நியூட்டனை இலட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிக்கோ நியூட்டன், கேட்க ஒன்றுமில்லாத விசைதான். ஆனால் அந்த எல்லை வரை ஏ.ரி.பி.யின் ஆற்றலில் பாதியளவை வேலையாக மாற்றுகிறது. ஓட்டோ என்ஜின் அதற்குக் கிட்டவும் வராது.

இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டால் கைனசின் மிதந்து போய்விடும். அதனால் ஒன்று விட்டிருக்கும்போது மற்றது பிடித்திருக்க வேண்டும் என்ற ஒழுங்கு இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அப்படியிருந்தும் சராசரியாக நூறு அடி போனதும் ஒன்று தவறி விழுந்துவிடும். பரவாயில்லை, ஒரு பையில் பல கைனசின்கள் ஒட்டியிருக்கும். ஒன்று விழ இன்னொன்று பிடிக்கும்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று வகுப்பில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. எனக்கோ அந்தக் கதைதான் விருப்பம். தொடங்கியது கணவாயிலிருந்து. நாம் பிரட்டல் வைத்துச் சாப்பிடும் அதே கணவாய் இனம். அதன் உடலில், கண்ணாலேயே பார்க்கக்கூடிய தடிப்பில் ஒரு இராட்சத நரம்பு இருக்கிறது. அதை அமுக்கினால், உள்ளே இருக்கும் குழியவுரு பற்பசை போல வெளியே வரும். அமெரிக்காவில் வூட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊரின் ஆய்வுகூடத்தில் றொன் வேல், மைக்கல் ஷீற்ஸ், தோமஸ் றீஸ் ஆகியோர் அதை எடுத்து, ஏ.ரி.பி. சேர்த்து, வீடியோ நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். கலமே இல்லாத வெறும் கண்ணாடித் தட்டில் பைகள் நகர்ந்தன. அப்படியானால் நகர்த்தும் பொருள் அந்தச் சாற்றில் எங்கோ இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான புரதங்களுக்குள் அதை எப்படிப் பிரித்தெடுப்பது?

அதற்கு ஒரு தந்திரம் அகப்பட்டது. ஏ.ரி.பி. போலவே இருக்கும், ஆனால் உடைக்க முடியாத ஒரு போலி மூலக்கூறு உண்டு. அதைச் சேர்த்ததும் இயக்கம் நின்றது. நின்றது மட்டுமல்ல, பைகள் நுண்புன்குழாய்களோடு இறுக ஒட்டிக்கொண்டன. இதை லசெக், பிறேடி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். ஏ.ரி.பி. உடையாவிட்டால் பாதத்துக்குப் பிடியை விடத் தெரியாது. அப்படி விடமுடியாமல் குழாயோடு சிக்கிக்கொண்ட புரதத்தைக் குழாயோடு சேர்த்தே அள்ளியெடுத்து, பிறகு உண்மையான ஏ.ரி.பி. கொடுத்துக் கழற்றினார்கள். 1985இல் கைனசின் கையில் வந்தது இப்படித்தான். அசைதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரை எடுத்தார்கள்.

அப்புறம் அதன் அடியை அளந்தார்கள். லேசர் ஒளியைக் குவித்தால் சின்ன மணியொன்றை அந்த ஒளிக்குள்ளேயே பிடித்து வைக்கலாம். ஒளி இடுக்கி என்று சொல்வோம். ஆதர் ஆஷ்கின் 1986இல் செய்து காட்டினார், 2018இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கைனசினின் முதுகில் அப்படியொரு மணியை ஏற்றிப் பார்த்தபோது, அது படி படியாக, ஒவ்வொரு முறையும் 8 நனோமீற்றர் நகர்வதை 1993இல் ஸ்டீவன் புளொக்கின் குழு கண்டது. டியூபியூலின் கல்லின் நீளமும் அதே 8. ஆனால் மனிதர் நடப்பது போல் கால் மாற்றி மாற்றி வைக்கிறதா, அல்லது ஒரே காலை எப்போதும் முன்னால் வைத்து மற்றதை இழுத்துக்கொண்டு போகிறதா என்பது தெரியவில்லை. 2004இல் அஹ்மெத் யில்டிஸும் குழுவினரும் ஒரே ஒரு பாதத்தில் ஒளிரும் சாயத்தைப் பூசிப் பார்த்தார்கள். இழுத்துக்கொண்டு போனால் சாயம் 8, 8, 8 என்று நகர வேண்டும். அது 16 நகர்ந்தது, நின்றது, மறுபடி 16. கால் மாற்றித்தான் நடக்கிறது. இந்த இடத்தைச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

விடமுடியாமல் சிக்கிக்கொள்வது என்றேன். அதைக் கண்ணால் பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம், பேலியகொடை மீன் சந்தைக்கு விடியற்காலையில் போனால் போதும். கையில் எடுத்தால் பலகை போல விறைத்து நிற்கும் மீனைப் புது மீன் என்று வாங்குவோம். அந்த விறைப்பு மயோசின் என்ற இன்னொரு இயக்கப் புரதத்தின் வேலை. கைனசினைவிடப் பல காலம் முன்பே அறியப்பட்டது. வில்ஹெல்ம் கூனே 1864இலேயே பெயர் வைத்துவிட்டார். தசை சுருங்குவது இழைகள் குட்டையாவதால் அல்ல, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போவதால்தான் என்பதை 1954இல் இரண்டு குழுக்கள் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியிட்டன. ஒன்றில் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கேர்க்கும், மற்றதில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவுக்காரர் அல்லர்.

தசையில் குழாய்க்குப் பதிலாக அக்ரின் என்ற மெல்லிய இழை பாதையாக இருக்கிறது. தடித்த இழை ஒன்றில் சுமார் 300 மயோசின்கள் கொத்தாக நின்று அந்த மெல்லிய இழையை இழுக்கின்றன. நீர்கொழும்பு, சிலாபம் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கயிற்றில் வரிசையாக ஆட்கள். ஒருவர் பிடித்து இழுப்பார், விடுவார், முன்னால் போய் மறுபடி பிடிப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் பிடித்திருக்க மாட்டார்கள், ஆனால் எப்போதும் யாராவது பிடித்திருப்பதால் கயிறு பின்வாங்காது. மயோசினும் அப்படியே. ஒரு இழுவைக்கு 5 முதல் 10 நனோமீற்றர். ஒரு மயோசின் பெரும்பாலான நேரம் கயிற்றை விட்டுத்தான் நிற்கும். கைனசின் போலத் தனியாகச் சுமை தூக்கிப் போக அதனால் முடியாது, அதற்குக் கூட்டம் வேண்டும்.

பிள்ளைகள் பரீட்சையில் தடுமாறும் இடம் இனி வருவது. ஏ.ரி.பி. வந்து ஒட்டியதும் மயோசின் செய்யும் முதல் காரியம் இழுப்பது அல்ல, கயிற்றை விடுவது. பிறகு அந்த ஏ.ரி.பி. உடையும்போது கை பின்னால் மடங்கித் தயாராகிறது. கயிற்றை மறுபடி பிடித்து, பொசுபேற்று வெளியேறும்போதுதான் இழுவை. இழுத்து முடிந்ததும் பிடித்தபடியே நிற்கும், அடுத்த ஏ.ரி.பி. வந்து விடுவிக்கும் வரை. உயிர் போனபின் ஏ.ரி.பி. தயாராவது நின்றுவிடுகிறது. இருப்பது தீர்ந்ததும் பிடித்த கைகள் பிடித்தபடியே கிடக்கின்றன. மீனும் விறைக்கிறது, மனிதரும் விறைக்கிறார். நேரம் போகப் போக நொதியங்கள் புரதங்களை அரிக்கத் தொடங்கியபின்தான் உடல் தளரும். செத்த வீட்டில் கையைக் காலை நேரத்தோடு நீட்டி நிமிர்த்தி வைக்கச் சொல்லிப் பெரியவர்கள் அவசரப்படுத்துவது இதனால்தான்.

கைனசின் பெரும்பாலும் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும். மனிதருக்கு 45 விதமான கைனசின் மரபணுக்கள் இருக்கின்றன, பல சுமைகளுக்குப் பல ஆட்கள். திரும்பி வரும் சாமான்களை யார் கொண்டுவருவது? டைனின். 1965இல் இயன் கிப்பன்ஸ் ஒற்றைக்கல உயிரி ஒன்றின் பிசிர்களிலிருந்து, அதாவது மயிர் போன்ற சின்ன நீட்டங்களிலிருந்து, எடுத்துப் பெயரிட்டது. அதே குழாயின்மேல், எதிர்த்திசையில் நடக்கும். கைனசினோடு ஒப்பிட்டால் இது பெரிய உருவம், நடையும் ஒழுங்கில்லாதது. சில அடி சின்னது, சில அடி பெரியது, சில நேரம் பக்கவாட்டிலும் வைக்கும். ஆனால் போய்ச் சேரும். கால்விரலில் பழுதான, பழையதான பொருட்களையும், அங்கிருந்து கல உடலுக்கு வர வேண்டிய செய்திகளையும் டைனின்தான் சுமக்கிறது.

துரதிர்ஷ்டமாக, வேறு சிலவும் அதில் ஏறி வருகின்றன. விசர்நாய் கடித்தால் அந்த வைரசு நரம்பு முனைக்குள் புகுந்து, டைனினின் போக்குவரத்தைப் பயன்படுத்தி முள்ளந்தண்டுக்கும் மூளைக்கும் போகிறது. வைரசுக்குச் சொந்தக் கால் கிடையாது. கடிபட்ட இடம் மூளைக்குக் கிட்டவாக இருந்தால் ஆபத்து அதிகம் என்று வைத்தியர்கள் சொல்வதும், கடித்த உடனேயே தடுப்பூசியைத் தொடங்கினால் உயிர் தப்பலாம் என்பதும் இந்தப் பயணத்துக்கு நாள் எடுப்பதால்தான். நாய் கடித்தால் புண்ணைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருத்துவக் கட்டுரை இல்லைத்தான், ஆனால் இதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

டைனின் சுமை மட்டும் தூக்குவதில்லை. சுவாசக் குழாயின் உட்சுவரில் இருக்கும் பிசிர்கள் அடித்து அடித்துத் தூசியையும் சளியையும் மேலே தள்ளுவதும் அதனால்தான். 1933இல் கார்த்தகேனர் என்ற சுவிஸ் வைத்தியர், ஓயாத சளித்தொல்லையோடு இதயம் வலப்பக்கம் இருந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். சளிக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு? 1976இல் அப்சேலியஸ் என்பவர் அப்படிப்பட்டவர்களின் பிசிர்களில் டைனின் கைகள் இல்லை என்று கண்டார். பின்னாளில் எலிகளின் முளையத்தில் காரணம் தெளிவானது. உடல் உருவாகும் ஆரம்ப நாட்களில் ஒரு சின்னக் குழியில் பிசிர்கள் சுழன்று திரவத்தை இடப்பக்கம் ஓடவைக்கின்றன. எது இடம் எது வலம் என்று உடலுக்குச் சொல்வது அந்த ஓட்டம். பிசிர் சுழலாவிட்டால் இதயம் எந்தப் பக்கம் என்பது பூவா தலையா போட்டதுபோல ஆகிவிடுகிறது, பாதிப் பேருக்கு மாறி அமைகிறது.

கடைசியாக, பாதையையே பெயர்த்தெடுத்தால் என்னாகும்? இதற்கு நம் வேலியோரச் செடிகள் இரண்டு பதில் சொல்லும். ஒன்று கார்த்திகைப் பூ. அதன் கிழங்கு கடும் நஞ்சு, நம் நாட்டில் உயிர்கள் போயிருக்கின்றன. அதிலிருக்கும் கொல்கிசின் டியூபியூலின் கற்களைப் பிடித்துக்கொண்டு குழாயாக அடுக்கவிடாது. கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்க வேண்டிய குழாய்கள் அமையாமல் பிரிவு பாதியில் நின்றுபோகும். அப்படி நிறுத்தி வைத்த கலங்களில்தான் 1956இல் தியோவும் லெவானும் மனித நிறமூர்த்தங்களைச் சரியாக எண்ணி, 48 அல்ல, 46 என்று திருத்தினார்கள்.

மற்றது பட்டிப்பூ, நித்தியகல்யாணி என்றும் சொல்வோம். கோயில் வீதியில் தானாக முளைத்து நிற்கும். அதிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்ரினும் டியூபியூலினைத்தான் பிடிக்கிறது. புற்றுநோய்க் கலங்கள் பிரியாமல் தடுக்கும் அருமையான மருந்து. ஆனால் பாதை குலைவது புற்றுநோய்க் கலத்தில் மட்டுமல்ல. நரம்புக் கலம் பிரிவதில்லை, இருந்தாலும் அதன் முழுச் சீவியமும் அந்தப் பாதையில்தான் நடக்கிறது. பாதை பழுதானால் முதலில் தட்டுப்பாடு வருவது அதிக தூரத்திலிருக்கும் ஊருக்குத்தானே. அது கால்விரல்.

எங்கள் பெரியம்மாவுக்கு இந்த மருந்து ஏற்றினார்கள். நோய் குறைந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு ஒரு நாள் பம்பலப்பிட்டிக் கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்தவரின் ஒரு காலில் செருப்பு இல்லை. "எங்க பெரியம்மா செருப்பு?" என்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தார். கழன்று விழுந்தது காலுக்குத் தெரியவில்லை. வைத்தியர் மருந்தின் அளவைக் குறைத்தார், நரம்பு மெதுவாகத்தான் வளரும், நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் என்று கணக்கு வையுங்கள் என்றார். அடுத்த வருடம் தைப்பொங்கலன்று அதே கோயில் வீதியில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்புக்குள் போயிருந்த சின்னக் கல் ஒன்றைத் தட்டிவிட்டார்.